‘வாக்களித்தாள்’ என்பதில் ஒரு பிழை

ஜனவரி 8
பிழை திருத்தும் பிரிவு, பிரெய்ல் அச்சகம்

பெறுநர்: ஒன்பதாம் வகுப்புக் குடிமையியல், ஏழாம் பாடத்தின் ஆசிரியர்

ஐயா,

தாங்கள் எழுதிய ‘தேசத்தைக் கட்டும் கைகள்’ என்ற பாடம் பிரெய்லில் அச்சிடுவதற்காக எங்கள் பிரிவுக்கு வந்திருக்கிறது. ஐயமுள்ள இடங்களை ஆசிரியரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே அச்சுக்கு அனுப்புவது இங்கே வழக்கம்.

பக்கம் 44இல் ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் ஒரே பத்தியில் ஒன்பது தடவை வருகிறது. பிரெய்லில் அது மிக நீளமான சொல். அதை ஒன்பது தடவையும் விரலால் கடக்கப்போகிறவர்கள் அந்தச் சொல்லுக்கு உரியவர்களே என்பதால், சில இடங்களில் ‘அவர்’ என்று போட்டுக்கொள்ளலாமா?

பக்கம் 46இல் உள்ள புகைப்படத்துக்கு வர்ணனை வரவில்லை. எங்கள் பிரிவில் கண் பார்வையுள்ள ஒரே ஊழியரைக் கேட்டதில், “ஒரு ஆள் ஒரு பொம்பளையோட முழங்கையைப் பிடிச்சிட்டு நிக்கிறார். அந்தம்மா விரல்ல மை இருக்கு. ஆள் கேமராவைப் பாத்துச் சிரிக்கிறார்” என்றார். இதையே போடலாமா?

பக்கம் 47, மூன்றாம் பத்தி: “பார்வையற்ற என் தங்கை இதுவரை ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை. என் துணையுடன் சாவடிக்கு வந்து ஒவ்வொரு முறையும் வாக்களித்தாள்.” இதில் ‘வாக்களித்தாள்’ என்பது தகவல் பிழையோ என்று ஐயம். செயப்பாட்டுவினையாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. உறுதிசெய்யவும்.

பிப்ரவரி இறுதிக்குள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
பிழை திருத்துநர்


ஜனவரி 15

பாசமுள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டிச் சிரித்தேன். ‘ஐயா’வாம், ‘தாங்களா’ம். அண்ணி சிரிக்கவில்லை. “மூணு வருஷமா போனை எடுக்காதவ லெட்டர் போட்டிருக்கான்னா, அதுல ஏதோ விஷயம் இருக்கு” என்றாள். அவளுக்கு எல்லாவற்றிலும் ஏதோ விஷயம் இருக்கும்.

நான் எழுதிய பாடம் உன் மேசைக்கே வந்துசேர்ந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ‘மாற்றுத்திறனாளி’யைக் குறைக்க முடியாது. ஒரு பத்திக்கு ஐந்து முறையாவது வந்தால்தான் பாடம் அனைவரையும் உள்ளடக்கியதாகும் என்று பாடநூல் குழு கருதுகிறது. நான் தாராளமாக ஒன்பது போட்டேன். படத்துக்கு வர்ணனை இதோ: “ஓர் அண்ணன் தன் தங்கையை ஜனநாயகத்தின் வாசலுக்கு அழைத்துச் செல்கிறார்.”

‘வாக்களித்தாள்’ விஷயம்தான் எனக்குப் புரியவில்லை. நீ பெயரைச் சொன்னாய், துணையாளரான நான் முத்திரை குத்தினேன், சட்டம் அதை உன் வாக்கு என்கிறது. இதில் செயப்பாட்டுவினை எங்கிருந்து வந்தது? வேலை மும்முரத்தில் குழம்பிவிட்டாய் போலிருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. வரும் ஜூனில் என்னைப் பாடநூல் குழுவின் தலைவராக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இந்தப் பாடம்தான் காரணமாம். அதாவது நீதான் காரணம்.

மார்ச் 14 நகரசபைத் தேர்தல். உன் பெயர் இன்னும் நம் வார்டில்தான் இருக்கிறது. வழக்கம்போல் துணையாளர் படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். நீ வந்து நின்றால் போதும்.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 22

அண்ணா,

எனக்கு நாற்பத்தொரு வயது. உன் கடிதத்தைக் கணினி எனக்கு உரக்கப் படிக்கிறது. ‘பாசமுள்ள பாப்பா’ என்று அது இரும்புக் குரலில் தொடங்கியதும் பிரிவில் நாலு பேர் இருமினார்கள்.

உனக்குப் புரியவில்லை என்கிறாய். புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

போன நகரசபைத் தேர்தலில் நம் தெருமுனைத் தையல்காரம்மா சுயேச்சையாக நின்றார். கத்தரிக்கோல் சின்னம். கடைவீதி நடைபாதையில் மூடியில்லாத சாக்கடைக் குழிகள் பதினேழு இருந்தன. மூன்றில் நான் விழுந்திருக்கிறேன். பதினேழுக்கும் மூடி போடுவேன் என்பதுதான் அவருடைய ஒரே வாக்குறுதி. மற்ற வேட்பாளர்கள் தேசத்தையே தூக்கி நிறுத்துவதாகச் சொல்லிக்கொண்டிருந்ததால் அவர் பேச்சு எடுபடவில்லை. நான் மட்டும் அவர் கடைக்குப் போய், “என் ஓட்டு உங்களுக்குத்தான்க்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாவடியில் உன் காதில் ‘கத்தரிக்கோல்’ என்றேன். “சரி சரி, மெதுவா” என்றாய். முத்திரை விழும் சத்தம் கேட்டது.

ஒரு வாரம் கழித்து சட்டைக்கு அளவு கொடுக்கப் போனேன். நாடாவை என் தோளில் வைத்துக்கொண்டே தையல்காரம்மா சொன்னார்: “மத்த சாவடியில எல்லாம் பத்து, பன்னெண்டுன்னு வந்துச்சும்மா. உங்க சாவடியில எனக்கு எத்தனை தெரியுமா? சைபர்.”

கோபமாகச் சொல்லவில்லை. என் தோள் பதினாலு அங்குலம் என்று சொன்ன அதே குரலில் சொன்னார். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இப்போது எழுத முடியவில்லை.

மூன்று மாதத்தில் இந்த வேலையைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்கும் அண்ணிக்கும் ஒத்துவரவில்லை என்று நீ ஊரெல்லாம் சொன்னாய். அண்ணி பாவம், அந்தப் பழியை மறுக்கக்கூட இல்லை.

‘வாக்களித்தாள்’ என்பது செய்வினை. எழுவாய் நான். ஆனால் செய்தது யார்? செய்வினை என்ற சொல்லுக்கு இலக்கணப் புத்தகத்தில் ஒரு பொருள், மந்திரவாதியிடம் வேறு பொருள். நம் சாவடியில் நடந்தது இரண்டாவது என்று நினைக்கிறேன். என் வாயிலிருந்து கத்தரிக்கோலாகப் புறப்பட்டது, பெட்டியில் விழும்போது வேறு ஏதோவாக மாறியிருந்தது.

என்னவாக மாறியது?

தங்கை


ஜனவரி 30

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் என்னைப் புண்படுத்தியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடமாகக் குடிமையியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் உண்டு. முத்திரை கோட்டின்மேல் பட்டால் அது செல்லாத வாக்கு. எனக்குக் கூட்டத்தில் கை லேசாக நடுங்கும். கத்தரிக்கோலுக்கு நேரே குத்தியதுதான் கோட்டில் பட்டிருக்க வேண்டும். நீ இதை அப்போதே கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். வீண் மனக்கசப்பில் மூன்று வருடம் போய்விட்டது.

பாடத்தில் அந்த வரியை நீக்கிவிட்டால் உனக்குத் திருப்தி என்றால் நீக்கிவிடலாம். உன்னைப் பற்றிய பத்தியையே எடுத்துவிடலாம். சங்கடமில்லை.

அண்ணன்


பிப்ரவரி 4

அண்ணா,

அந்தச் சாவடியில் செல்லாத வாக்கும் சைபர். எண்ணிக்கை அறிக்கையின் நகலைக் கேட்கிற யாருக்கும் நகரசபையில் தருகிறார்கள். நான் மூன்று வருடத்துக்கு முன்பே கேட்டு வாங்கினேன்.

நடுங்கும் கையால் நீ கரும்பலகையில் அடிக்கோல் இல்லாமல் நேர்கோடு போடுவாய் என்று உன் மாணவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

தங்கை


பிப்ரவரி 12

தங்கைக்கு,

இதைத் தட்டச்சில் அடிக்க உட்கார்ந்தேன், முடியவில்லை. கையால் எழுதுகிறேன்.

நீ எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாய் என்பது தெரிகிறது. ஒளித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நீயும் நானும் சேர்ந்து ஐந்து தேர்தலுக்குப் போயிருக்கிறோம். நான்கில் மாற்றிப் போட்டேன். ஒன்றில் நீயும் நான் நினைத்த ஆளையே சொன்னாய், அதை மட்டும் சொன்னபடி போட்டேன்.

முதல் தடவை, “இவர் குரல்ல பொய் இல்ல” என்று சொல்லி ஒருவரைத் தேர்ந்தெடுத்தாய். நாட்டின் எதிர்காலத்தைக் குரலை வைத்தா முடிவு செய்வது என்று தோன்றியது. முகத்தைப் பார்த்து நான் தேர்ந்தெடுத்தவருக்கே உன்னுடையதையும் குத்தினேன். அவர் பிறகு, கட்டாத பாலத்துக்குத் திறப்பு விழா நடத்தினார்.

அடுத்த இரண்டு தடவையும் நீ சொன்னவர்கள் ஜெயிக்க வழியில்லாதவர்கள். ஓட்டு வீணாகிவிடுமே என்று நினைத்தேன். உன் ஓட்டு வீணாவதில் எனக்கு என்ன கவலை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு இரண்டு ஓட்டு இருக்கிறது என்ற நினைப்பு அதற்குள் வந்துவிட்டது.

பிரெய்ல் அட்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாக்குச்சீட்டின்மேல் வைத்து, ஓட்டையைத் தடவிப் பார்த்து நீயே குத்துவதற்கான அட்டை ஒவ்வொரு சாவடிக்கும் வந்திருக்கிறது. அது எனக்குத் தெரியும். கேட்டால் தேட வேண்டும், வரிசை நிற்கும், நாலு பேர் முறைப்பார்கள். அதனால் உன்னிடம் சொல்லவில்லை.

கடைசித் தேர்தல்தான் எழுதக் கை வராதது. மற்ற மூன்றிலும் நீ சொன்னதைக் கேட்டுவிட்டு மாற்றினேன். அந்தத் தடவை நீ சொன்னதையே நான் கேட்கவில்லை. வரிசையில் எங்கள் தலைமையாசிரியர் நின்றிருந்தார், அவருக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தேன். “சரி சரி, மெதுவா” என்று சொன்னது வாய்ப் பழக்கம். கத்தரிக்கோல் என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

உன் முன்னால் வந்து நிற்க வெட்கமாக இருக்கிறது. தொலைவில் இருப்பது நல்லதாகப் போயிற்று.

அண்ணன்


பிப்ரவரி 19

அண்ணா,

கையெழுத்தைக் கணினியால் படிக்க முடியாது. இருபத்திரண்டு வருடம் ஆசிரியராக இருந்த உனக்கு அது தோன்றவில்லை. அந்தப் புகைப்படத்தைப் பார்த்துச் சொன்ன பக்கத்து மேசை அக்காதான் படித்துக் காட்டினார். “நான்கில் மாற்றிப் போட்டேன்” என்ற இடத்தில் நிறுத்தி, “மேல படிக்கட்டுமாம்மா, இல்ல வீட்டுக்குக் கொண்டுபோறியா?” என்று கேட்டார். வீட்டில் படிக்க யாருமில்லை என்பது அவருக்கு மறந்துவிட்டது. மேலே படிக்கச் சொன்னேன். உன் குற்றத்தை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான். முடித்ததும் தண்ணீர் குடித்தார்.

எனக்குத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் கேட்டேன். நீ நாலைக் கொண்டுவந்து வைத்தாய்.

அதனால் நான் எழுத முடியவில்லை என்று விட்டதை இப்போது எழுதுகிறேன். தையல்காரம்மா ‘சைபர்’ என்றதும் எனக்கு முதலில் தோன்றியது உன் பெயர் கெட்டுவிடுமே என்பதுதான். “மனசு மாறிடுச்சுக்கா. கடைசி நிமிஷத்துல வேற ஆளுக்குப் போட்டுட்டேன்” என்றேன். அவர் நாடாவைச் சுருட்டினார். “பரவாயில்லம்மா, உன் ஓட்டு, உன் இஷ்டம்” என்றார்.

அண்ணா, என்னை ஊரை விட்டுக் கிளப்பியது நீ மாற்றிப் போட்டது இல்லை. ‘உன் ஓட்டு, உன் இஷ்டம்’ என்ற அந்த வார்த்தை. பொய் சொல்லி உன்னைக் காப்பாற்றியதற்காக இன்றுவரை எனக்கு நானே கூசிக்கொண்டிருக்கிறேன்.

பாடத்தில் ‘மாற்றுத்திறனாளி’ என்று ஒன்பது தடவை எழுதியிருக்கிறாய். சொல்லைப் பிரித்தால் மாற்றுகிற திறன் உள்ளவர் என்றும் பொருள் வரும். நம் வீட்டில் அது நீதான்.

எனக்கு மூன்று காரியம் நடக்க வேண்டும். துணையாளர் படிவத்தைத் திரும்ப வாங்கு, மார்ச் 14 அன்று நான் தனியாகப் போடுவேன். தையல்காரம்மாவிடம் நீயே போய்ச் சொல். பத்தியை நீக்காதே, திருத்து. என்னை எடுத்துவிட்டால் அந்தப் பாடத்தில் மிச்சமிருப்பது நீயும் கேமராவும்தான்.

ஆசிரியர் கையொப்பமிட்ட திருத்தம் வந்தால் பிரெய்ல் பதிப்பில் அதை அப்படியே போடுவோம். அது எங்கள் விதி. அச்சுப் புத்தகம் உன் குழுவின் பாடு.

தங்கை


மார்ச் 2

தங்கைக்கு,

இதைத் தட்டச்சில் அடித்திருக்கிறேன். இந்த முறை யாரும் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

படிவத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். “ஏன் சார், தங்கச்சி வரலையா?” என்று கேட்டார்கள். “வராங்க, அதனாலதான்” என்றேன். எழுத்தருக்குப் புரியவில்லை, ஆனால் கோப்பில் குறித்துக்கொண்டார்.

தையல் கடைக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை கையில் ஒரு சட்டையோடு போனேன், சும்மா போய் நிற்பது எப்படி என்று. சுருக்கித் தரச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த தடவை இன்னொரு சட்டை. மூன்றாம் தடவை முதல் சட்டையையே மறுபடி நீட்டினேன். தையல்காரம்மா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இதை இன்னும் சுருக்கினா உங்க பேரனுக்குத்தான் சார் ஆகும். என்ன விஷயம், சொல்லுங்க.”

சொன்னேன். இயந்திரத்தை நிறுத்தினார்.

“அப்ப அந்தப் பொண்ணு எனக்குத்தான் போட்டுச்சா?”

“போடச் சொன்னா.”

“அதைத்தான் சார் கேக்கறேன்.”

கொஞ்ச நேரம் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “அதுக்கப்புறம் அவ என் கடையைத் தாண்டிப் போறப்பல்லாம் நான் கூப்பிடவே இல்ல சார். வாசல்லயே உக்காந்திருப்பேன், பேசாம இருந்துடுவேன். அவளுக்குத்தான் தெரியாதேன்னு. எவ்வளவு கேவலமான வேலை பாத்திருக்கேன்” என்றார்.

என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டார். எழுந்தபோது சட்டையை மடிக்காமல் அப்படியே என் கையில் கொடுத்தார். அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே தண்டனை, அதற்கே தெருவில் நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

அண்ணியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கடைசியில், “எனக்கும் ஒவ்வொரு தடவையும் யாருக்குப் போடணும்னு சொல்லி அனுப்புவீங்கல்ல? நீங்க சொன்ன ஆளுக்கு நான் ஒரு தடவைகூடப் போட்டதில்ல” என்றாள். இருபது வருடமாக இந்த வீட்டில் எனக்கு மூன்று ஓட்டு இருப்பதாக நினைத்திருந்தேன்.

இனி பாடம். திருத்திய பத்தியைக் குழுவில் வைத்தேன். தலைவர் படித்தார், தேநீர் வரவழைத்தார். “பிள்ளைங்க படிக்கிற புத்தகம் சார். உண்மையை எல்லாம் போட முடியுமா?” என்றார். நான் வற்புறுத்தவில்லை. தேநீரைக் குடித்தேன். அச்சுப் புத்தகம் பழைய வரியோடுதான் போகிறது.

பிரெய்ல் பதிப்புக்கான திருத்தத்தில் கையொப்பமிட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன்: “என் தங்கை ஐந்து தேர்தல்களில் சாவடிக்கு வந்தாள். நான்கு முறை, அவள் சொன்ன பெயரை விட்டு நான் விரும்பிய பெயருக்கு முத்திரை குத்தினேன். அவை அவள் வாக்குகள் அல்ல.”

அண்ணன்


மார்ச் 16

அண்ணா,

திருத்தம் கிடைத்தது. அச்சுக்குப் போய்விட்டது.

பதினாலாம் தேதி காலை பேருந்தில் வந்தேன். நீ எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் தள்ளி நின்றாய் என்பது தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தாய்.

“துணைக்கு யாரும் வரலையாம்மா?” என்றார் அதிகாரி.

“பிரெய்ல் அட்டை வேணும்.”

“அதெல்லாம் வந்திருக்கும்மா. எங்க வச்சாங்கன்னுதான் தெரியல.”

தேடத் தொடங்கினார்கள். சாவடி இருந்த பள்ளி அறையின் அலமாரிச் சாவி காவலாளியிடம், காவலாளி சாப்பிடப் போயிருந்தார். பின்னால் ஒரு பெண், “குழந்தையை விட்டுட்டு வந்திருக்கேன்” என்று முணுமுணுத்தாள். இன்னொருவர், “ஒரு ஓட்டுக்காக நாம எல்லாரும் நிக்கணுமா?” என்றார். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். குற்றம் செய்தவள் மாதிரி கைப்பையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அதிகாரி உன்னைப் பார்த்துவிட்டார். “நம்ம வாத்தியார் சாராச்சே. தங்கச்சிதானே, கூட வாங்க சார், ஒரு நிமிஷ வேலை” என்றார்.

நீ உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நான் எண்ணினேன், மூன்று வரை வந்தது. பிறகு, “அவங்க தனியாப் போடுவாங்க. நாங்க நிக்கறோம்” என்றாய்.

வரிசையில் யாரோ, “வந்துட்டாரு தியாகி” என்றார்கள். நியாயமாகச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

ஐம்பது நிமிடம் கழித்து அட்டை கிடைத்தது. உலக வரைபடச் சுருளுக்குள் இருந்ததாம், உறைகூடப் பிரிக்காமல். ஓட்டைகளைத் தடவி எண்ணி முத்திரை வைத்தேன். மறைப்புக்குள் என்னைத் தவிர யாரும் மூச்சு விடவில்லை. அது பழகாததால் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

வெளியே தையல்காரம்மா காத்திருந்தார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்துப் பேருந்து நிலையம்வரை வந்தார். குழிகளில் இரண்டுக்கு மட்டும் மூடி வந்திருக்கிறது என்றார். மற்ற பதினைந்தையும் வழியில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வரவில்லை. அண்ணியிடம் சொல், வருத்தம் அவள்மேல் இல்லை.

தங்கை


ஜூலை 4

அண்ணா,

இது அலுவலகக் கடிதத்துடன் தனியாக எழுதுவது. நீ குழுவின் தலைவராகிவிட்டதைச் செய்தித்தாளில் அக்கா படித்துச் சொன்னார்.

பார்வையுள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து படிக்கும் ஒரு பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அச்சகத்துக்கு எழுதியிருக்கிறாள். வகுப்பில் ஏழாம் பாடத்தை உரக்கப் படிக்கச் சொன்னார்களாம். இவள் பிரெய்ல் புத்தகத்திலிருந்து படித்தாள். “நான்கு முறை” என்ற இடத்தில் மற்ற பிள்ளைகள், “அப்படி எதுவும் இல்ல டீச்சர், இவ கதை விடறா” என்றார்கள். ஆசிரியை அச்சுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு இவளை உட்காரச் சொல்லிவிட்டார். ‘புக்கு எழுத்தாளர்’ என்று இப்போது இவளைக் கூப்பிடுகிறார்களாம்.

அவள் கேட்பது ஒரே கேள்வி. “இரண்டில் எது பிழை?”

பதில் சொல்ல அச்சகத்துக்கு உரிமையில்லை. ஆசிரியர்தான் எழுத்தில் தர வேண்டும், பள்ளிக்கும் பாடநூல் குழுவுக்கும் நகல் போகும். நீ என்ன எழுத வேண்டும் என்று சொல்லமாட்டேன். உன் கையைப் பிடித்து முத்திரை குத்துகிற வேலை எனக்குத் தெரியாது.

தங்கை


ஜூலை 17

தங்கைக்கு,

அலுவலகத்துக்கு அனுப்பிய பதிலின் நகல்: “பிரெய்ல் பதிப்பில் உள்ளதே சரி. பிழை அச்சுப் புத்தகத்தில் இருக்கிறது. பிழைக்கும், அதில் சொல்லப்படும் செயலுக்கும் நானே பொறுப்பு.” குழுவுக்கும் போய்விட்டது. நேற்று மாலை துணைத் தலைவர் வந்து, உடல்நலம் கருதி நான் ஓய்வெடுக்க வேண்டும் என்று குழு விரும்புவதாகச் சொன்னார். என் உடல்நலம் நன்றாகத்தான் இருக்கிறது.

இதை வைத்து என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதே. மார்ச்சில் பிரெய்ல் திருத்தத்தில் எப்படி அவ்வளவு சுலபமாகக் கையெழுத்துப் போட்டேன் தெரியுமா? அதை யார் படிக்கப்போகிறார்கள் என்ற நினைப்புதான். படிப்பவர்கள் எல்லாம் ஒரு மூலையில் இருப்பார்கள், அவர்களுக்கும் நமக்கும் இடையில் எப்போதும் ஒரு சுவர் இருக்கும் என்று நம்பினேன். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இரண்டு புத்தகமும் திறக்கும் என்று, அனைவரையும் உள்ளடக்கிப் பாடம் எழுதிய எனக்குத் தோன்றவே இல்லை.

உன் கடிதம் ஆறாம் தேதி வந்தது. நான் பதில் எழுதியது பதினைந்தாம் தேதி. ஒன்பது நாள் அது மேசைமேல் இருந்தது. பிரெய்ல் பதிப்பில் அச்சுப்பிழை என்று ஒரு வரி எழுதினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அப்படி ஒரு வரியை எழுதியும் பார்த்தேன். நன்றாகவே இருந்தது, நான் நன்றாக எழுதுவேன். அண்ணி பார்த்துவிட்டு, “இப்ப அந்தப் பிள்ளையோடதையும் மாத்திப் போடப்போறீங்களா?” என்று கேட்டாள். கிழித்துவிட்டேன். ஆனால் ஒன்பது நாளும் அந்தப் பிள்ளை வகுப்பில் பொய்க்காரியாக உட்கார்ந்திருந்தாள், அது தெரிந்தேதான் நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன்.

அவளுக்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன். உறையை ஒட்டும்போதுதான் உறைத்தது. இதை யாராவது அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். படிப்பவர் நல்லெண்ணம் உள்ளவராகவே இருப்பார். பிள்ளை மனசு கஷ்டப்படக் கூடாதென்று ஒரு வரியை விடலாம், ஒரு சொல்லை மெதுவாக்கலாம், என் பெயருக்காக இரக்கப்பட்டு ‘நான் செய்தேன்’ என்பதை ‘நடந்துவிட்டது’ என்று படித்துவிடலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே அதை, உன் கணினி படிக்கும்படி தட்டச்சில் அடித்து, உனக்கு அனுப்புகிறேன். நீயே பிரெய்லில் அடித்து அவளுக்கு அனுப்பு. அதில் எழுத்துப்பிழை இருக்கிறது, சில இடங்களில் வாக்கியம் தடுமாறுகிறது. எதையும் திருத்தாதே.

அண்ணன்